பழுது பொருளிலா, இணைப்பிலா?

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

இது கணிப்பொறியின் காலம். நியாயவிலைக் கடை முதல் நிலப்பதிவு அலுவலகம் வரை அது கால் வைக்காத இடமில்லை. தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டுமா, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, வருமானச் சான்றிதழ் பெற வேண்டுமா, அதன் திரைக்கு முன்னால்தான் நாம் போய் நிற்கிறோம். இத்தனை பெருமை வாய்ந்த பெட்டியின் திரை ஒரு நாள் இருண்டு விட்டால் நாம் செய்வது என்ன? "போச்சு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எது போயிற்று, எதனால் போயிற்று, உண்மையிலேயே போய்த்தான் விட்டதா என்று கேட்பதில்லை. குற்றவாளிக்குக் கூட விசாரணை உண்டு, இயந்திரத்துக்கு இல்லை!

அந்த விசாரணை வேண்டும் என்பதும், அதை நடத்தும் திறமை கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பதும் என் கருத்து. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று மிகச் சிறியது. மேசைக் கணிப்பொறியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் அதன் இணைப்புகளுமே அது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக மாலை வேளைகளில் எங்கள் ஊரில் கணிப்பொறி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்து வருகிறேன். "டிஸ்பிளே வரல தம்பி, கொஞ்சம் பாருங்க" என்பதுதான் அங்கு நான் மிகுதியாகக் கேட்ட வாக்கியம். அப்படி வந்த பெட்டிகளில் உறுப்பு செத்துப் போனவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உறுப்புகள் எல்லாம் நன்றாக இருக்க, உறுப்பையும் உறுப்பையும் சேர்க்கும் இடம் மட்டும் விட்டுப் போனவையே என் கண்ணில் அதிகம் பட்டன.

கார்டும் அதன் நான்கு கதவுகளும்

கணிப்பொறி போடும் கணக்கைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 1981-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோதே திரைக்கான அட்டை தனியாகத்தான் இருந்தது. எழுத்து மட்டும் காட்டும் ஒற்றை நிற அட்டை ஒன்று, வண்ணம் காட்டும் அட்டை மற்றொன்று. வேண்டியதை வாங்கிச் செருகிக் கொள்ளலாம். நம் மானிட்டர்களின் பின்னால் இன்றும் காணப்படும் பதினைந்து துளை விஜிஏ இணைப்பு 1987-இல் வந்தது. இன்றைய கார்டுகள் செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் தரவிதி வகுக்கப்பட்டது 2003-இல்.

அளவும் வேகமும் மாறின. ஆனால் கார்டு என்பது வெளியிலிருந்து வந்து செருகப்படும் விருந்தாளி என்ற நிலை மாறவில்லை. அந்த விருந்தாளிக்கு நான்கு கதவுகள் உண்டு.

முதற் கதவு ஸ்லாட். முழு நீள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பக்கத்துக்கு 82 வீதம் 164 தொடுமுனைகள் உள்ளன. இரண்டாவது கதவு மின்சாரம். ஸ்லாட் வழியாக ஒரு கார்டு பெறக்கூடியது 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு பின் இணைப்புக்கு 75 வாட், எட்டு பின் இணைப்புக்கு 150 வாட் என்பது கணக்கு. மூன்றாவது கதவு, கார்டிலிருந்து மானிட்டருக்குச் செல்லும் கேபிள். நான்காவது, கண்ணுக்குத் தெரியாதது. மதர்போர்டில் உள்ள பயாஸும், விண்டோஸ் போன்ற இயக்க முறைமையும், அதில் உள்ள டிரைவரும் கார்டை அடையாளம் கண்டு கொள்ளும் இணைப்பு அது.

இந்த நான்கில் எந்த ஒன்று தடைப்பட்டாலும் வெளியே தெரிவது ஒன்றே: இருட்டு. நோய்கள் பல, அறிகுறி ஒன்று. இங்கேதான் அவசரக்காரன் தோற்கிறான், ஆராய்பவன் வெல்கிறான்.

வெளியிலிருந்து உள்ளே

நோய் இன்னதென்று கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன் பிறகே தீர்க்கும் வழிக்குப் போகச் சொன்னவர் வள்ளுவர். அந்த வரிசை மருத்துவனுக்கு மட்டும் உரியதன்று.

கடையில் எங்கள் முதலாளி வகுத்த ஒழுங்கு மிக எளியது. செலவில்லாத சோதனை முதலில். செலவுள்ள சோதனை கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

ஆகவே மானிட்டரில் தொடங்க வேண்டும். அதன் விளக்கு எரிகிறதா? எந்த உள்வழியைக் காட்டும்படி அதை வைத்திருக்கிறார்கள்? கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மானிட்டர் விஜிஏயை எதிர்பார்த்துக் காத்திருந்தால் இரண்டும் எந்நாளும் சந்திக்கப் போவதில்லை. அடுத்து, கேபிளின் மறுமுனை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பெட்டியின் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். மேலே மதர்போர்டின் துளைகள். கீழே கார்டின் துளைகள். கார்டு இருக்கும் கணிப்பொறியில் பலர் கேபிளை மேலே செருகிவிட்டுத் திரை வரவில்லை என்கிறார்கள். சில பிராசஸர்களுக்குள் படம் காட்டும் வசதி உண்டு. இன்டெல்லின் 'எஃப்' என்று முடியும் வகைகளில் அது கிடையாது. அவ்வகைப் பிராசஸர் உள்ள பெட்டியில் மேல் துளையில் எத்தனை நாள் செருகி வைத்தாலும் எதுவும் வராது.

பிறகு கேபிள். விஜிஏ கேபிளின் தலையில் இருக்கும் இரண்டு திருகுகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். திருகாமல் விட்டால் தலை சாய்கிறது. ஒரு பின் விலகினால் படத்தில் ஒரு நிறமே காணாமல் போகிறது. முகம் எல்லாம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் மானிட்டரைத் திட்டுவதற்கு முன் அந்தத் திருகுகளைப் பாருங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இவ்வளவுக்கும் பிறகே கேபினெட்டைத் திறக்க வேண்டும். திறக்குமுன் கணிப்பொறியை அணைத்து, மின் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்னூட்டம் வடியும். கேபினெட்டின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டுக் கை வைத்தால் நம் உடலில் உள்ள நிலைமின்சாரமும் போய்விடும். இந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கை வைப்பவன் பழுது பார்ப்பவன் அல்லன், பழுது செய்பவன்.

உள்ளே முதலில் மின் இணைப்பு. எட்டு பின் தலை 'டிக்' என்ற ஓசையுடன் பூட்டிக் கொண்டிருக்க வேண்டும். பிராசஸருக்குப் போகும் எட்டு பின் தலையும் கார்டுக்குப் போகும் எட்டு பின் தலையும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றில் நேர்முனை இருக்கும் பக்கத்தில் மற்றொன்றில் தரைமுனை இருக்கும். அதனால்தான் அவற்றின் பின் வடிவங்களை வேறு வேறாகச் செய்திருக்கிறார்கள். போகாத இடத்தில் பலம் காட்டக் கூடாது.

அடுத்தது ஸ்லாட். கார்டைக் கேபினெட்டோடு பிடித்திருக்கும் திருகை அவிழ்த்து, ஸ்லாட்டின் கோடியில் உள்ள சிறு பூட்டை அழுத்தி, கார்டை நேராக மேலே எடுக்க வேண்டும். தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் தூசியோ கறையோ இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து உலர விட வேண்டும். கடைகளில் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது வழக்கம். அது பலன் தருவதுண்டு. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. ஓயாமல் தேய்த்தால் தங்கமும் போகும், தேய்த்த துகளும் ஸ்லாட்டில் விழும். துடைத்த பின் இரு முனைகளும் சமமாக இறங்கும்படி அழுத்திப் பூட்டித் திருகைப் போட வேண்டும்.

அப்போதும் திரை வராவிட்டால் மதர்போர்டையே கேட்கலாம். சிறு ஒலிப்பான் பொருத்தப்பட்ட பலகைகளில், அவார்டு பயாஸ் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலியும் தந்தால் திரை அட்டையில் குறை என்று பொருள். புதிய பலகைகள் சிலவற்றில் 'விஜிஏ' என்று எழுதிய சிறு விளக்கே எரியும். பயாஸ் எழுத்துகள் தெரிந்து, விண்டோஸ் தொடங்கியதும் மட்டும் இருண்டால், குறையைப் பெரும்பாலும் கம்பியில் தேட வேண்டாம், டிரைவரில் தேடலாம். கடைசியாக, அந்தக் கார்டை நன்றாக ஓடும் வேறொரு கணிப்பொறியில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் இருட்டு என்றால், அப்போது சொல்லலாம், "போச்சு" என்று. அதற்கு முன் சொல்வது தீர்ப்பன்று, வதந்தி.

ஒரு திருகின் விலை

இதெல்லாம் இயந்திரச் சங்கதி, இதில் என்ன பெரிய கருத்து இருக்கிறது என்று கேட்கலாம். சென்ற தை மாதத்தில் எங்கள் கடைக்கு ஒருவர் வந்தார். திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அவர் தொழில். வாடகை கட்டுப்படியாகாமல் தொழிலிடத்தை மாற்றியிருக்கிறார். கணிப்பொறியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். புது இடத்தில் திரை வரவில்லை. வேறொரு கடையில் காட்டியபோது, கார்டு எரிந்துவிட்டது, புதிது போட ரூ.14,000 ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். கையில் மூன்று திருமணங்களின் வேலை. முன்பணமும் வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. "கம்மலை வெச்சுட்டுத்தான் வரணும் போல இருக்குண்ணே" என்று எங்கள் முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பெட்டியைப் படுக்க வெச்சுக் கொண்டு போனீங்களா, நிக்க வெச்சா?"

நிற்க வைத்துத்தான் கொண்டு போயிருந்தார். திறந்து பார்த்தால், கனமான அந்தக் கார்டைப் பிடித்திருக்க வேண்டிய திருகு இல்லவே இல்லை. ஆட்டோவின் குலுக்கலில் கார்டின் ஒரு முனை ஸ்லாட்டை விட்டு மேலே எழும்பியிருந்தது. எடுத்து, துடைத்து, அழுத்தி, இரண்டு திருகுகள் போட்டோம். திரை வந்தது. கூலி ரூ.200.

முதலில் பார்த்த கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவே. ஆனால் ஏமாற்றியிருந்தால் அந்த மனிதருக்கு எவ்வளவு நட்டமோ, பார்க்காமல் சொன்னதிலும் அதே நட்டம்தான் வந்திருக்கும். அறியாமையும் வஞ்சகமும் வேறு வேறானவை. ஏழையின் கைக்கு வரும் பில் மட்டும் ஒன்றே!

பெரியவர்களுக்கும் இதே பாடம்

இது சிற்றூர்க் கடைகளின் கதை மட்டுமன்று. 2022 அக்டோபரில் என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கார்டை வெளியிட்டது. அதற்கு மின்சாரம் தர 600 வாட் வரை தாங்கும் புதிய பதினாறு பின் இணைப்பு. சில வாரங்களுக்குள் அந்த இணைப்பு உருகிய செய்திகள் வரத் தொடங்கின. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 50 நிகழ்வுகள் தமக்குத் தெரிய வந்ததாகவும், தலையை முழுவதும் செருகாததே பொதுவாகக் காணப்படும் குறை என்றும் அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் தெரிவித்தது.

ஏன் உருக வேண்டும்? இயற்பியல் மாணவன் தாளும் பென்சிலும் எடுத்தால் போதும். 600 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். அதைச் சுமப்பவை ஆறு பின்கள், ஆளுக்கு 8.3 ஆம்பியர். பழைய எட்டு பின் இணைப்பில் 150 வாட்டுக்கு 12.5 ஆம்பியர், சுமப்பவை மூன்று பின்கள், ஆளுக்கு 4.2 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்காகிறது. ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், தொடும் இடத்தின் மின்தடை ஒன்றே என்றாலும் வெப்பம் நான்கு மடங்காகிறது. ஆறில் ஒரு பின் தொடாமல் நின்றால் மற்ற ஐந்தும் 10 ஆம்பியர் சுமக்க வேண்டும். அரைகுறையாகத் தொட்டாலோ அந்த இடத்தின் மின்தடையே பெருகிவிடுகிறது. முதலாம் ஆண்டில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்த விதி இங்கே பிளாஸ்டிக்கை உருக்குகிறது!

ஆனால் பயன்படுத்துவோர் மேல் பழியைப் போட்டுவிட்டு அமைப்பாளர் தப்பித்துக் கொள்வதையும் நான் ஏற்கவில்லை. நல்ல இணைப்பு என்பது, தான் சரியாகச் சேரவில்லை என்பதைத் தானே அறிவிக்க வேண்டும். 2023-இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில் அதைத்தான் செய்தார்கள். உணர்வு பின்களைக் குட்டையாக்கினார்கள். தலை முழுவதும் உள்ளே போனால்தான் அவை தொடும். தொட்டால்தான் கார்டு முழு மின்சாரம் கேட்கும். அப்படியும் 2025-இல் புதிய கார்டுகளில் உருகிய செய்திகள் மீண்டும் வந்தன. ஆகவே இணைப்பின் விசாரணை இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு சான்று, என் பாடத்திலிருந்தே. 2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வுக்கூடத்தில் இயங்கிய ஒபேரா குழுவினர் ஓர் அறிவிப்பு செய்தனர். ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் பயணம் செய்து வந்த நியூட்ரினோ துகள்கள், ஒளி எடுக்கும் நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோவிநாடி முன்னதாக வந்து சேர்ந்தன என்பதே அது. ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டாரா என்று உலகமே பரபரத்தது. அந்த விஞ்ஞானிகளோ தங்கள் கருவிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2012 பிப்ரவரியில் காரணம் வெளிப்பட்டது. நேரம் கணக்கிடும் கருவிக்குச் செல்லும் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாக முடுக்கப்படவில்லை! கடிகாரத்தில் மற்றொரு சிறு குறையும் இருந்தது. சரி செய்து அளந்தபோது நியூட்ரினோ ஒளியை மீறவில்லை. ஒரு தளர்ந்த கேபிள் ஒரு பெரும் விதியையே ஆட்டிப் பார்த்துவிட்டது. இணைப்பைச் சோதித்தவர்களால் அந்த விதி நின்றது.

தொடாதே என்னும் பலகை

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். பல கல்லூரிகளின் கணிப்பொறிக் கூடங்களில் உறை போட்டு ஓரமாக வைக்கப்பட்ட பெட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். 'பழுது' என்று எழுதிய காகிதம் அவற்றின் நெற்றியில் ஒட்டியிருக்கும். ஒரு கணிப்பொறிக்கு மூவர் என்று மாணவர்கள் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். கதவில் 'தொடாதே' என்று ஒரு பலகை. அந்த ஓரப் பெட்டிகளில் எத்தனை உண்மையாகவே செத்தவை, எத்தனை ஒரு திருகுக்காகக் காத்திருப்பவை என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால்தானே தெரியும்!

தேர்வில் 'கிராபிக்ஸ் கார்டு - சிறுகுறிப்பு வரைக' என்றால் நாம் ஒரு பக்கம் எழுதுவோம். கார்டைக் கையில் கொடுத்து 'செருகு' என்றால் கை நடுங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தானே?

மறுப்புச் சொல்வோரின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. அரசுப் பொருள், இருப்புப் பதிவேட்டில் ஏறியது, மாணவன் உடைத்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் ஆய்வக உதவியாளரும் ஆசிரியரும்தான். உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறந்தால் அந்த உரிமையும் போகலாம். நியாயமான அச்சமே. ஆகவே ஓடுகிற பெட்டியில் கை வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கழிக்கப்பட்ட பழைய பெட்டி ஒன்று போதும். மின் கம்பியே இல்லாமல் அதை மேசை மேல் வைத்து, ஒரு பருவத்துக்கு இரண்டு மணி நேரம், ஒவ்வொரு மாணவரும் கார்டை எடுத்து, துடைத்து, திரும்பச் செருகிப் பழகட்டும். கணிப்பொறித் துறையினர் மட்டுமல்லர்; தமிழ் இலக்கியம் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் வரட்டும். நாளை அவர்கள் பணியாற்றப் போகும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இருண்ட திரைக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள் அவர்களும்தான். குறிப்பாக மாணவியர் முன்வர வேண்டும். திருப்புளி ஆணின் கைக்கென்றே வார்க்கப்பட்டதன்று.

பழுது பார்க்கத் தெரிந்தவன் பணம் மிச்சம் பிடிப்பான் என்பது இதன் சிறிய பயன். பெரிய பயன், அவனுக்கு வரும் மனப்பழக்கம். காரணம் காணாமல் தீர்ப்புச் சொல்ல அவன் நாக்கு கூசும். ஒரு மாணவன் தேர்வில் தவறினால் "மண்டையில் ஒன்றுமில்லை" என்று அவன் சொல்லமாட்டான். பாடம் அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பான். ஒரு திட்டம் பலன் தராவிட்டால், பணம் போன வழியில் எந்த இடம் விட்டுப் போயிருக்கிறது என்று தேடுவான்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஒரு திரை இருண்டால் உடனே புது விலை கேட்காதீர்கள். மின்சாரத்தை அணையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அப்போது பொருளைப் பழிக்கலாம். அதுவரை "போச்சு" என்ற சொல்லை நாவில் ஏற்றாமல் வைத்திருப்போம்.